அடித்த கைக்கு அனுமதி இல்லை

நாகேந்திரன் தன் மச்சான் முரளிதரனை அடித்தது ஒரே ஓர் அடி. இதில் ஊரில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. மாந்தோப்பு மோட்டாரை யார் முதலில் போட்டார்கள், அன்றைக்குத் தண்ணீர் முறை யாருடையது என்பதில் நகரி வட்டாரமே இரண்டாகப் பிரிந்து நின்றது. ஆனால் மண்வெட்டிப் பிடியால் விழுந்தது ஒரே அடி, இடது முழங்காலுக்குக் கீழே விழுந்தது, இரண்டு கழனி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த எருமை மேய்ச்சலை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும்படி விழுந்தது என்பதை அடிபட்டவனே ஒப்புக்கொண்டான்.

எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. முதல் முறிவு நாகேந்திரனுடையது. இரண்டாவது, ஐயோ பாவம் என்று ஓடிவந்த உறவினர்கள் ஆளுக்கொரு திசையில் அவனைத் தூக்கியதால் வந்தது. மூன்றாவது, திருப்பதி ஸ்ரீ தயாசிந்து சூப்பர் ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்கு ஒரு சக்கரம் இல்லாததால் வந்தது. ஆனாலும் மூன்றுக்கும் நாகேந்திரனே பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் பெருந்தன்மையான மனிதர்.

அவர்கள் ஊரில் அடிதடிக்கு ஒரு முறை உண்டு. அடிக்கலாம், தடையில்லை. ஆனால் அடித்த கை ஊட்ட வேண்டும். அடிபட்டவன் வைத்தியம் முடிந்து தன் வீட்டு வாசலை மிதிப்பதற்குள், அடித்தவன் அவன் படுத்திருக்கும் இடத்துக்கே போக வேண்டும். வழியில் கேட்கிறவர்களிடமெல்லாம் "நான்தான் அடிச்சவன்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். போய், அடித்த அதே கையால் ஒரு கவளம் சோற்றை அவன் வாயில் வைக்க வேண்டும். வாய் திறந்து வாங்கிக்கொண்டால் பகை தீர்ந்தது. முன்பு இருந்ததைவிடக் கெட்டியான உறவு. வைக்காவிட்டால் ஏழு தலைமுறைக்கு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது. இடையில் யாரிடமாவது மாமன் என்று சொல்லி நுழைந்துவிட்டால் அது மாமன் ஊட்டிய சோறாகப் போய்விடும், அடி அப்படியே நிற்கும். இந்த முறையால் அந்த ஊரிலிருந்து கோர்ட்டுக்குப் போனவர் எவருமில்லை. குழம்பு வைத்து வைத்து ஊரில் கோழிதான் மிச்சமில்லை.

சாதாரண நாளாக இருந்தால் நாகேந்திரன் நிதானமாகப் போயிருப்பார். அடுத்த வாரம் மகள் தரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சித்தூர்ப் பையன், கோகுலகிருஷ்ணன். தாய்மாமன் முரளிதரன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். வேறு எவன் பிடித்தாலும் அது கல்யாணம் ஆகாது.

"எந்தம்பி வாய்ல உன் கை சோறு போவணும்," என்றாள் மனைவி செங்கம்மா. "அவன் வந்து எம்பொண்ணு கையப் புடிக்கணும். இல்லன்னா பந்தலக் கொளுத்திட்டு நானும் அதுல குந்திக்குவேன்."

செங்கம்மா சொன்னால் செய்கிறவள். முன்பு ஒருமுறை டி.வி.யைக் கிணற்றில் போடுவேன் என்று சொன்னாள். இன்றும் கோடையில் தண்ணீர் இறங்கினால் அது தெரியும்.

ஆக, நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும் டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு நாகேந்திரன் திருப்பதிக்கு பஸ் ஏறினார்.

*

தயாசிந்து ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் கூரையிலிருந்து தரைவரை ஒரு பலகை இருந்தது. 'பார்வையாளர்களுக்கான அன்பான வழிகாட்டுதல்கள்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். மேலே உள்ள விதிகளை அண்ணாந்து படிக்க வேண்டும், நடுவில் உள்ளதை நின்று படிக்கலாம், கடைசி விதியைத் தரையில் படுத்தால்தான் படிக்க முடியும். நாகேந்திரன் உள்ளே நுழைந்தபோது ஒரு வாத்தியார் மாதிரி மனிதர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்துப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி விதி: 'தரையில் படுக்கக் கூடாது.' அவர் அதைப் படித்து முடித்த கணத்தில் ரோஜா நிறச் சட்டை போட்ட இரண்டு தடியர்கள் வந்து, ஆளுக்கொரு காலைப் பிடித்து, அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் தலை ஒவ்வொரு படியிலும் 'டொக்', 'டொக்' என்று விழுந்து எழுந்தது. கண்ணாடி மட்டும் உடையவில்லை. அது வேறொரு படியில் தனியாக உடைந்தது.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணின் பெயர் ரோஹிணி. நல்ல பெண். கம்ப்யூட்டர் என்ன கேட்கிறதோ அதைத்தான் கேட்பாள்.

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன ஆகணும்?"

"அடிச்சவன்."

"அண்டே? அப்படின்னா?" என்றாள், புரியாமல்.

"நான்தாம்மா அவன் கால ஒடச்சது. மம்பட்டிப் பிடி. ஒரே அடி."

ரோஹிணி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நைனா இருக்கு. அம்மா, அண்ணன், தம்பி, சம்பந்தி, பக்கத்து வீடுகூட இருக்கு. அடிச்சவன் இல்லயே அண்ணா. மாமான்னு போட்டுக்கட்டுமா?"

"வாணாம்மா. மாமான்னு போட்டா கவளம் செல்லாது."

"பக்கத்து வீடு?"

"கேட்ட நீயே சொல்லு, பக்கத்து வீட்டுக்காரன் அடிப்பானா?"

ரோஹிணி தன் பக்கத்து வீட்டை நினைத்துப் பார்த்து, போனை எடுத்தாள். "சார், இக்கட ஒகாயன உன்னாரு... இங்க ஒருத்தர் வந்திருக்காரு... இல்ல சார், ரிலேஷன் இல்ல. அடிச்சவராம். ஆமா சார், அவரே சொல்றாரு."

போனை வைத்துவிட்டு, "உங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல எடமில்ல. ட்ரெய்னிங் ஹாலுக்குப் போங்க. சுரேஷ்பாபு சார் பாப்பாரு. வெளிச் சோறு உள்ளே கொண்டுபோகக் கூடாது, கையில ஒண்ணும் இல்லயே?" என்றாள்.

நாகேந்திரன் டிபன் கேரியரை ஏற்கெனவே துண்டில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டியிருந்தார். ரோஹிணி அதைத் தொப்பை என்று எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து மாம்பழ விவசாயிகளுக்குத் தொப்பை கிடையாது என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"அந்த ரோஸ் சட்டைக்காரங்க யாரும்மா? ஒரு ஆளப் போட்டு இஸ்துகினு போனாங்களே?"

"அவங்க அடிக்க மாட்டாங்க அண்ணா, பயப்படாதீங்க. வழிகாட்டுவாங்க."

ரோஜாச் சட்டைகளின் மார்பில் ஒரு தாமரைப் பூ. கையில் லத்தி; லத்தியைச் சுற்றி ஸ்பான்ஜ். ஹாலுக்குப் போகிற நடையில் பெஞ்சு போட்டு, வழிகாட்டப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திருச்சானூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசினார்.

"எனக்கு ரெண்டு வாட்டி நல்லா வழிகாட்டினாங்க. மூணாவது வாட்டில பல்லு பூட்ச்சு."

"யாரப் பாக்க வந்தீங்க?"

"மருமவ புள்ள பெத்துகீறா. கொழந்தயப் பாக்கலாம்னு வந்தேன். இப்ப அது எல்.கே.ஜி.க்குப் போவுதாம்."

*

சுரேஷ்பாபு அந்த ஆஸ்பத்திரியின் 'பார்வையாளர் அனுபவ மேம்பாட்டுத் தலைமை அதிகாரி'. வருகிறவர்களுக்கெல்லாம் ஓர் அனுபவம் கொடுத்து அனுப்புவது அவர் வேலை. மல்லிகைப் பூவைப்போல வெள்ளையாக உடுத்தி, தொட்டால் வாடிவிடுவார்போல மெதுவாகப் பேசுவார். மைக் இல்லாமல் பேசியதே இல்லை. வீட்டிலும் மைக் உண்டு என்று ரோஹிணி சொன்னாள்.

"அன்பான பார்வையாளர்களே," என்றார் சுரேஷ்பாபு. "நாங்க அன்புக்கு எதிரி இல்லண்டி. ஆனா அன்பு சுத்தமா இருக்கணும். போன வாரம் ஒரு அம்மா. பையனைப் பாத்து அழுதாங்க. அழுதா கண்ணீர் விழும். விழுந்தா தரை ஈரமாகும். ஈரத்துல டாக்டர் கால வெச்சா வழுக்கி விழுவாரு. ஒரு தாயோட பாசத்துக்கு ஒரு டாக்டரோட இடுப்பு உடையணுமா? நீங்களே சொல்லுங்க. அதனால எங்க பசங்க அந்த அம்மாவ அலுங்காம தூக்கிக்கினு போய், மாடிப்படி மேல இருந்து வழியனுப்பினாங்க. அவங்களுக்கு இடுப்பு உடைஞ்சுது. ஆனா தரை காஞ்சு இருந்துது."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். ரோஜாச் சட்டைக்காரர்கள்தான்.

"பார்வையாளர் வராத ஆஸ்பத்திரி ஒரு நல்ல ஆஸ்பத்திரி. நோயாளியும் இல்லாத ஆஸ்பத்திரிதான் பரிபூரண சுத்தமான ஆஸ்பத்திரி. அந்த லட்சியத்துக்காக எங்க டாக்டருங்க ராத்திரி பகலா உழைக்கிறாங்க. ஐ.சி.யூ.வுல ஏற்கெனவே நல்ல முன்னேற்றம் தெரியுது."

பிறகு பரீட்சை. மேடையில் ஒரு கட்டில். கட்டிலில் ஃபைபரில் செய்த 'மாதிரி நோயாளி'. உடம்பெல்லாம் ஒயர், நெற்றியில் ஒரு பல்பு. பார்வையாளர் ஒவ்வொருவராகப் போய் பொம்மையிடம் ஆறுதலாகப் பேச வேண்டும். பேச்சால் பொம்மைக்கு ரத்தக் கொதிப்பு ஏறினால் சிவப்பு பல்பு எரியும். எரிந்தால் ரோஜாச் சட்டை சிரஞ்சீவி வழிகாட்டுவான். சிரஞ்சீவி கட்டிலைவிட நீளம், கதவைவிட அகலம்.

முதலில் போனது ஒரு பெண். "எப்டி கீற கண்ணு?" என்றாள். பல்பு எரிந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நோயாளிக்குத் தன் நிலைமை ஞாபகத்துக்கு வந்துவிடுமாம். முதுகில் ஒன்று விழுந்தது. அடுத்தவர் உஷாராகி ஒன்றுமே பேசாமல் நின்றார். பல்பு எரிந்தது. மௌனம் பீதி தருமாம். தோளில் இரண்டு. மூன்றாமவர், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் கீற," என்றார். பல்பு எரிந்தது மட்டுமல்ல, மணியும் அடித்தது. ஒன்றுமில்லை என்று சொல்வது ஆஸ்பத்திரிக்கு அவதூறு. அவரை மூன்று பேர் சேர்ந்து ஜன்னல் வழியாக வழிகாட்டினார்கள்.

நாகேந்திரன் கட்டிலருகே போனார். பொம்மையின் முகத்தைப் பார்த்தார். அதற்கு முரளிதரன் ஜாடை கொஞ்சமும் இல்லை. இருந்தாலும் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"மச்சான், நான்தான்டா உன்ன அடிச்சேன்," என்றார்.

பல்பு எரிந்தது, வெடித்தது, பொம்மையின் காது வழியாகப் புகை வந்தது, கட்டில் அதிர்ந்தது. கூடம் முழுக்க சைரன். சிரஞ்சீவி ஓடிவந்து நாகேந்திரனின் பிடரியில் ஒன்று வைத்தான். ஸ்பான்ஜ் எங்கேயோ பறந்தது, லத்தி மட்டும் இறங்கியது.

நாகேந்திரன் தடுமாறி நிமிர்ந்து, மரியாதையாகக் கேட்டார்: "அடிச்சுட்ட. சரி. சோறு எப்ப எடுத்துக்கினு வருவ தம்பி?"

சிரஞ்சீவியிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் தெரியாததால் இன்னொன்று வைத்தான்.

"அதுக்கும் ஒரு வாய்," என்றார் நாகேந்திரன்.

அதற்குள் பின்னால் நின்ற கூட்டம் பொங்கிவிட்டது. நோயாளிகளுக்கென்று கொண்டுவந்த சாத்துக்குடிகள் முதலில் பறந்தன. பிறகு ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில். காணிப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மொத்தமாக இளநீர்க் குலையோடு வந்திருந்தது. அந்தக் குலை இறங்கிய இடத்தில் ரோஜாச் சட்டைகள் சிவந்துபோயின. எல்.கே.ஜி. தாத்தா மிச்சமிருந்த பற்களால் ஒரு தடியனின் முழங்கையைக் கவ்விக்கொண்டு தொங்கினார். யாரோ மாதிரி நோயாளியின் தலையைப் பிடுங்கிச் சுழற்றினார்கள். அது மூன்று மண்டையை உடைத்துவிட்டு, ஒயரோடு மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

சுரேஷ்பாபு மேடையின் அடியிலிருந்து மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். "தயவுசெய்து அமைதி. நோயாளிகள் ஓய்வெடுக்கிறாங்க. அந்த ஆளோட காத விடுங்கம்மா. காது வளராது. இளநீர் உடம்புக்கு நல்லது, ஆனா குடிக்கணும்."

இத்தனை களேபரத்திலும் நாகேந்திரன் கையை ஓங்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். டிபன் கேரியர் கவிழ்ந்தால் மகள் கல்யாணம் கவிழ்ந்தது. அடியெல்லாம் முதுகிலும் தோளிலும் விழுந்தன. கடைசியில் சிரஞ்சீவி அவரை அப்படியே தூக்கி வாசல் பக்கமாக எறிந்தபோதும் கையை விரிக்காமல், ஒரு பலாப்பழம்போலப் படிகளில் உருண்டார். இடது தோளெலும்பு உடைந்த சத்தம் மைக்கிலேயே கேட்டது.

*

அந்தச் சத்தத்துக்குப் பிறகு உலகம் மாறியது.

எறிந்த அதே சிரஞ்சீவி ஓடிவந்து அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினான். "ஜருகண்டி, ஜருகண்டி!" என்று மலைமேல் கூட்டத்தைத் தள்ளுகிறவன்போலக் கத்திக்கொண்டு தள்ளிக்கொண்டு ஓடினான். மூடிக் கிடந்த கதவுகள் தாமாகத் திறந்தன. ஒருவரும் பாஸ் கேட்கவில்லை. எதிரே வந்த நர்ஸுகள் ஒதுங்கி, "அய்யோ பாவம்," என்றார்கள். பார்க்க வருகிறவனுக்கு இல்லாத ராஜ உபசாரம் படுக்க வருகிறவனுக்கு.

நாகேந்திரன் வலியிலும் முறை தவறவில்லை. ஒவ்வொரு கதவிலும் தலையைத் தூக்கி, "நான் அடிச்சவன்மா, அடிச்சவன்," என்று சொன்னார்.

"அவுனு, அவுனு," என்று தலையாட்டினார்கள் நர்ஸுகள். "தலைல நல்லா பட்டிருக்கு."

எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து முகம் வெளுத்தார். "கட்டி. உருண்டையா, மூணு அடுக்கா இருக்கு. பேஷன்ட்டுக்குத் தெரிய வேணாம்," என்று இங்கிலீஷில் சொல்லி ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனுக்கு முறை வரும்வரை தோளில் கட்டுப் போட்டு எலும்பு வார்டில் காலியாக இருந்த கட்டிலில் கிடத்தினார்கள்.

பக்கத்துக் கட்டிலில் முரளிதரன்.

முரளிதரன் கழுத்தைத் திருப்பி அவர் தோள் கட்டைப் பார்த்தான்.

"இன்னா மாமா, உன்ன யாரு போட்டது?"

"ஆஸ்பத்திரிக்காரன்."

"எத்தினி அடி?"

"எண்ணல மச்சான். எண்ற மாதிரி அவன் அடிக்கல."

முரளிதரனுக்கு மனசு சுணங்கியது. "அப்ப என்ன ஒண்ணே ஒண்ணுதான் அடிச்ச."

"நீ வீட்டு ஆளுடா."

நாகேந்திரன் வலது கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றி, துண்டை அவிழ்த்து, டிபன் கேரியரை எடுத்தார். ஓரத்தில் நசுங்கியிருந்தது, குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எலும்பு வார்டு முழுக்க நாட்டுக்கோழி வாசனை எழுந்தது. மூலைக் கட்டிலில் பல நாளாக அசையாமல் கிடந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

நாகேந்திரன் அடித்த கையால் கவளத்தை உருட்டினார். "அடிச்சவன் வந்துகீறேன். வாயத் தொற."

முரளிதரன் உடனே திறக்கவில்லை. தன் காலைப் பார்த்தான், மாமனின் தோளைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான். அந்த இடைவெளியில் நாகேந்திரனுக்கு உயிரே இல்லை. பிறகு வாய் திறந்தது. மென்றான். விழுங்கினான். கண்ணோரம் ஈரம்.

"உப்பு கம்மி மாமா," என்றான்.

"உங்கக்காகிட்ட சொல்லு."

அப்போதுதான் நர்ஸ் வீறிட்டாள். முரளிதரன் தலைமாட்டில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது: 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.' இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் ஓடிவந்து முரளிதரனின் வாயை முகர்ந்தார்.

"கோழி," என்றார், மரண அறிவிப்புப்போல. "வயித்துல சோறு இருக்கும்போது மயக்கம் குடுத்தா அது நெஞ்சுக்கு ஏறி ஆளையே கொன்னுடும். கேன்சல்."

"ஒரு வாய்தானே சார்," என்றார் நாகேந்திரன்.

"எலும்பு டாக்டர் இன்னிக்கு ஃபிளைட்ல மாநாட்டுக்குப் போறாரு. திரும்பி வந்துதான் ஆபரேஷன்."

"எப்ப திரும்புவாரு?"

சொன்ன தேதி கல்யாணத்துக்கு மறுநாள். அதுவரை முரளிதரனின் காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, மறுமுனையில் எடைக்கல் தொங்கவிட்டார்கள். பகை தீர்ந்துவிட்டது. மச்சான்தான் கட்டிலோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

"மனசு வந்துச்சு மாமா, கால் வரல," என்றான் முரளிதரன்.

*

தோளில் தூளியோடு வீட்டுக்கு வந்த நாகேந்திரன் விஷயத்தைச் சொன்னதும் செங்கம்மா உள்ளே போனாள். தீப்பெட்டியை உலுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இரு செங்கு, இரு! பொண்ண அங்க கூட்டிக்கினு போலாம்."

"ஒருத்தரயே உட மாட்டான். கல்யாணத்தயே உடுவானா?"

"பாக்கப் போறவன உட மாட்டான்," என்றார் நாகேந்திரன். "படுக்கப் போறவன உடுவான்."

செங்கம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் கணவனை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள்.

முகூர்த்த நாள் காலையில் ஊரிலிருந்து இரண்டு பஸ், சித்தூரிலிருந்து ஒரு பஸ், தயாசிந்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றன. பட்டுப் புடவையும் பட்டு வேட்டியுமாக ஜனங்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரமணாவுக்கு விஷயத்தை விளக்கியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடிபட மறுத்தார் என்று எண்ண வேண்டாம்.

"அடி எங்களுக்குத்தான் முதல்ல விழணும். சம்பந்தி மரியாதைன்னு ஒண்ணு இருக்குதா இல்லயா?"

"தப்புதான் சம்பந்தி," என்று நாகேந்திரன் தாம்பூலத் தட்டை நீட்டி, வெற்றிலை பாக்கு கொடுத்து, சந்தனம் பூசி, மண்வெட்டி பிடித்த அந்த வலது கையால் சம்பந்தியின் தாடையில் ஒன்று வைத்தார். ரமணா கெட்டிமேளம் என்று சொல்லிக்கொண்டே சாய்ந்தார்.

மேளம் முழங்கியது. ஜனங்கள் ஒருவரையொருவர் நோக்கிப் பாய்ந்தார்கள். யார் யாரை அடிப்பது என்பதில்தான் தள்ளுமுள்ளு. யாரை அடிக்கிறோமோ அவர் இனி நெருங்கிய சொந்தம் ஆயிற்றே. சித்தூர் ஸ்டேட் பாங்க் காசாளரை அடிக்கப் பெரிய கூட்டம். செங்கம்மா தன் ஓரகத்தியைக் குத்துவிளக்கால் அடித்தாள். அது பழைய ஆசை. பெரியப்பாக்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கட்டிப் புரண்டார்கள். நாகஸ்வரக்காரர் கன்னத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி, முழங்காலைக் காட்டினார். புரோகிதர், "எனக்கு ஷுகர் இருக்கு, அதுவே போதும், தொடாதீங்கோ," என்று நேராக எமர்ஜென்சிக்கு நடந்தார். அங்கே விரலில் குத்திப் பார்த்தவர்கள் பதறிப்போய் முதல் ஆளாக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

மணப்பெண் தரணி மட்டும் யார் கையாலும் அடி வாங்க மாட்டேன் என்றாள். "நானே பாத்துக்கறேன்," என்று சொல்லி, கோகுலகிருஷ்ணனின் மூக்கில் ஒரு குத்து விட்டாள். அவன் மூக்கு உடைந்தது. அவள் விரல் பிசகியது. ஒரே குத்தில் இரண்டு அட்மிஷன்.

ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக வந்தன. ரோஜாச் சட்டைகள் "ஜருகண்டி" போட்டுக்கொண்டு பட்டு வேட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை. டாக்டர்கள் முகத்தில் திருவிழாக் களை. எமர்ஜென்சி நிரம்பி, நடை நிரம்பி, மிச்சம் பேரையெல்லாம் எலும்பு வார்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

சுரேஷ்பாபு வெள்ளை உடையில் ஓடிவந்தார். மைக்கை மறந்துவிட்டு வந்திருந்தார். "இது விதிமீறல்! இவ்வளவு பேரு வார்டுல கூடக் கூடாது!"

"எல்லாரும் பேஷன்ட் சார்," என்றாள் ரோஹிணி. "பேஷன்ட்டுக்கு ஆள் கணக்கு இல்லைன்னு நீங்கதான் எழுதி வெச்சீங்க."

வார்டுக்குள் முரளிதரன், கால் கயிற்றில் தொங்க, எட்டி உட்கார்ந்து தரணிக்கு மாலை போட்டான். கட்டுப் போட்ட அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, வலிக்காத விரலாகப் பார்த்துப் பிடித்து, தன் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார வைத்தான். அதுவே மணை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த புரோகிதர் மந்திரம் சொன்னார். மூக்கில் பஞ்சோடு கோகுலகிருஷ்ணன் தாலி கட்டினான். செங்கம்மா ஓரகத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் தரையில் விழுந்தது. ஒரு டாக்டர் வழுக்கத்தான் வழுக்கினார். சம்பந்தி தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, வயிற்றோடு கட்டி வந்த டிபன் கேரியர்களெல்லாம் திறந்தன, பந்தி. அடித்தவர்களெல்லாம் இலையில் சோறு போட்டு அடிபட்டவர்களுக்கு ஊட்டினார்கள். ஒருவரே ஐந்தாறு பேரை அடித்திருந்ததால் கட்டில் கட்டிலாக ஓட வேண்டியிருந்தது. சிரஞ்சீவி ஒரு புளியோதரைப் பொட்டலத்தோடு கூச்சப்பட்டுக்கொண்டு நாகேந்திரன் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, நீங்க கேட்டீங்க கதா..."

"ரெண்டு வாய்," என்று வாயைத் திறந்தார் நாகேந்திரன்.

சுரேஷ்பாபுவும் உள்ளே வரப் பார்த்தார். அவர் வார்டு, அவர் ஆஸ்பத்திரி. ஆனால் கதவில் நின்ற ரோஜாச் சட்டை லத்தியைக் குறுக்கே நீட்டினான்.

"மீகு தெப்ப தகல்லேது கதா சார்? உங்களுக்கு அடி விழலயே? அடி படாதவங்க உள்ள போகக் கூடாது. நீங்க சொன்னதுதான்."

சுரேஷ்பாபு வாசலிலேயே நின்றார். உள்ளே அவர் ஆட்கள், அவர் டாக்டர்கள், கவுண்ட்டரை விட்டுவிட்டு வந்த ரோஹிணி எல்லாரும் ஆளுக்கோர் அடி வாங்கிக்கொண்டு, இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாயச வாசனை வந்தது. அவர் கதவிடுக்கில் முகத்தை வைத்து, மெதுவாக அழைத்தார்.

"நாகேந்திரன் காரு... ஒரே ஒரு அடி. ரொம்ப வேணாம், பேருக்கு ஒண்ணு போடுங்க. நான் உள்ள வந்துடறேன்."

நாகேந்திரன் எழுந்து கதவருகே வந்தார். சுரேஷ்பாபு கண்ணை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைக் காட்டினார். நாகேந்திரன் கையை ஓங்கினார். ஓங்கியபடியே அந்த வெள்ளைக் கன்னத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"வாணாம் சார். உன்ன அடிச்சா, அப்பறம் நான் உனக்கு ஊட்டணும். ஊட்டினா நீ எனக்கு ஒறவாய்டுவ."

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.